பேனாட் அண்ணையின் வலது கை

பேனாட் அண்ணையைப் பற்றி எழுதுவதென்றால் என்னுடைய மரக்கறி வெட்டும் பலகையில் இருந்துதான் தொடங்கவேண்டும். எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அது காணாமல் போனது. நாங்கள் அப்போது மேற்கு ஜெர்மனியில், வெஸ்ட்பாலியாவில் ஸோஸ்ட் என்ற சின்னப் பட்டணத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலில் இருந்தோம். அகதிகளுக்கென்று எடுத்துக் கொடுத்த இடம். ஹைம் என்று சொல்வோம். பதினொரு அறை, ஒரு சமையலறை, முப்பத்தினாலு பேர். அங்கே ஒரு கரண்டி இடம் மாறினாலும் சண்டை வரும். நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். எதையும் விசாரிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அறை அறையாகத் தட்டிக்கொண்டு போனேன். மேல்மாடியில் பேனாட் அண்ணையின் மடியில் பலகை இருந்தது.

கட்டிலில் சாய்ந்து, பலகையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வலது கையை அதன்மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ பிடித்திருப்பதுபோல் சேர்ந்திருந்தன.

"என்ன அண்ணை செய்யிறியள்? நான் கரட் வெட்ட ஏலாமல் நிக்கிறன்."

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "குறை நினைக்காதேங்கோ ரீச்சர். கை மறந்துபோகுமெண்டு பயம். வேற பலகை கிடைக்கேல்லை."

எனக்கு சியாமளா என்று ஒரு பெயர் இருந்ததை ஹைமில் எல்லோரும் மறந்துபோனதற்கு அவர்தான் காரணம். வந்த முதல் நாளே ரீச்சர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

அவர் மன்னார்த் தீவில் பேசாலைக்காரர். மீனுக்கு ஐஸ் செய்கிற தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். கோயில் பாடகர் குழுவில் மண்டலின் வாசித்தவர். மடு மாதா பாட்டு ஒன்றுக்கு, அடிகளுக்கு நடுவில் வாசிக்க ஒரு சின்ன மெட்டைத் தானே போட்டிருந்தார். அதே குழுவில் பாடிய புஷ்பமலர், பாட்டு மறுபடி தொடங்கவேண்டிய இடத்தில் மெட்டைக் கேட்டுக்கொண்டே பாட மறந்து நின்றாராம். ஊர் சிரித்தது. அடுத்த வருடம் கலியாணம் நடந்தது.

எண்பத்தைந்தில் மன்னாரில் இளம் ஆண்கள் இருக்க ஏலாத நிலை வந்தது. மகள் அன்ரனிற்றாவுக்கு அப்போது எட்டு மாதம். மூன்று பேரும் சேர்ந்து போக வழியில்லை. அவர் கொழும்புக்குப் போகிற வழியில் மடு மாதா கோயிலில் இறங்கி ஒரு நேர்த்தி வைத்தார். மற்றவர்கள் மொட்டை போடுவதாக வைப்பார்கள், நடந்து வருவதாக வைப்பார்கள், ஆளுயர மெழுகுதிரி கொளுத்துவதாக வைப்பார்கள். இவர், புஷ்பமலரையும் பிள்ளையையும் திரும்பக் கண்ணால் காணும்வரைக்கும் தந்தியைத் தொடமாட்டேன் என்று வைத்தார். பிறகு விமானம் ஏறி, கிழக்கு பெர்லினில் இறங்கி, எல்லோரையும் போல மேற்கே வந்து சேர்ந்தார். புஷ்பமலர் பிள்ளையோடு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்தார்.

"வேற ஏதாவது வைச்சிருக்கலாமே அண்ணை. மாட்டிறைச்சி, சிகரெட், உப்பிடி ஏதும்" என்றேன்.

"எனக்கு விருப்பமானது இது ஒண்டுதான் ரீச்சர். விருப்பமில்லாததைக் குடுத்து என்ன பிரயோசனம்?"

நான் சிரித்தேன். கடவுள் தந்திக் கணக்குப் பார்த்துக்கொண்டா இருக்கிறார் என்று கேட்டேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் பலகையை நான் திருப்பிக் கேட்கவில்லை. கரட்டைத் தட்டத்தில் வைத்து வெட்டினேன்.

அகதி வழக்கு முடியும்வரை எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்கவும் விடமாட்டார்கள். அவரைப் பச்சைக்கல்லால் கட்டிய ஒரு தேவாலயத்தின் வளவில் இலை கூட்ட அனுப்பினார்கள். நான் அதே வளவிலிருந்த பங்கு மண்டபத்தில் பழைய உடுப்புத் தரம் பிரித்தேன். பக்கத்து அறையில் செவ்வாயும் வியாழனும் ஒரு பெண் வந்து வாத்தியம் பழகுவாள். பிரௌ கெம்பர் என்று பெயர்; பிரௌ என்றால் திருமதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் அவள் அங்கே வாசித்தது கிட்டார் இல்லை. நெடுக்காக வெட்டிய பாதிப் பப்பாளிப்பழம் மாதிரி வயிறும், பின்னுக்கு முறிந்து வளைந்த தலையும், சோடி சோடியாகத் தந்திகளுமுள்ள ஒரு பழைய வாத்தியம். லௌட்டே என்று ஜெர்மன்காரர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் லூட்.

வாசிப்பாள், நிறுத்துவாள், பெருமூச்சு விடுவாள். திரும்ப வாசிப்பாள். நொண்டி நடக்கிற மாதிரி ஒரு சுரம் ஓங்கும், ஒரு சுரம் விழும். ஒரு வியாழக்கிழமை பேனாட் அண்ணை விளக்குமாற்றோடு ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைக் கையால் கூப்பிட்டார்.

"ரீச்சர், அந்த மனுசியின்ர கை தந்திக்குக் குறுக்க நிக்குது. பெருவிரல் வெளியால நீட்டிக்கொண்டு நிக்குது. உப்பிடி வாசிச்சா ஓடாது."

பிரௌ கெம்பர் ஜன்னலைத் திறந்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மனில் நாசூக்கெல்லாம் வராது. உன் கை பிழையாம் என்று சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு வந்தார்.

சுவரில் பழைய ஓவியங்களின் பிரதிகளை ஒட்டியிருந்தாள். எல்லாம் லௌட்டே வாசிப்பவர்கள். எல்லோருடைய வலது கையும் தந்தியோடு சேர்ந்து நீளவாக்கில் சாய்ந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் வாத்தியத்தின் பலகையில் ஊன்றியிருந்தது. பெருவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்திருந்தது. அவள் எங்களுக்கு விளக்கினாள். ஆதியில் இதை ஒரு இறகுத் துண்டால்தான் மீட்டினார்களாம். பிறகு, ஒரே நேரத்தில் பல தந்திகளை மீட்டவேண்டும் என்று இறகைக் கீழே போட்டார்கள். இறகு போனாலும் கை நின்ற நிலை மாறவில்லை. பெருவிரல் கீழே ஒரு தட்டு, சுட்டுவிரல் மேலே ஒரு தட்டு. கன காலத்துக்குப் பிறகுதான் பெருவிரல் வெளியே வந்தது. அவள் வாசிக்க விரும்பிய பாட்டுகளோ அந்த முந்திய காலத்துப் பாட்டுகள். போன கோடையில் ஒரு வகுப்புக்குப் போய் இதையெல்லாம் தெரிந்துகொண்டு, கிட்டாருக்காக இருபது வருடம் வளர்த்த நகத்தை வெட்டினாளாம். நகம் போய்விட்டது, புதுக் கை வரவில்லை. எண்பத்தெட்டில் ஈஸ்டருக்கு முந்திய பாடுகளின் வாரத்துக்கு அந்தத் தேவாலயத்தில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டாள்.

பேனாட் அண்ணை படங்களுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ரீச்சர், இது மண்டலின் கை" என்றார்.

அவள் லௌட்டேயைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நேர்த்தி என்பதற்கு ஜெர்மனில் எனக்குச் சொல் வரவில்லை. மாதாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார், மனைவியும் மகளும் வரும்வரைக்கும் தந்தியைத் தொடமாட்டார் என்று சொன்னேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. லௌட்டேயை மேசையில் மெல்ல வைத்தாள். "அப்படியென்றால் தொடாமல் காட்டட்டும்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் மரக்கறிப் பலகை அந்த அறைக்குக் குடியேறியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் பழகியதை நான் உடுப்பு மடித்தபடி பார்த்திருக்கிறேன். மாஜரின் டப்பாவின் மூடியில் சின்ன முக்கோணமாக ஒரு துண்டை வெட்டி அவள் விரல்களுக்கு நடுவில் கொடுத்தார். அவர் பலகையில் ஆட்டுவார். அவள் தந்தியில் ஆட்டுவாள். "விரலை ஆட்டாதேங்கோ. முழங்கையால ஆட்டுங்கோ. கை நனைஞ்சா உதறுவியளே, அப்பிடி." நான் மொழிபெயர்ப்பேன். நாளடைவில் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் தமிழில் "உதறு, உதறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசித்தாள். தை மாதத்தில் ஒருநாள், அவள் ஒரு கதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் அந்தப் பிளாஸ்டிக் துண்டை அவளுடைய விரலிடுக்கிலிருந்து உருவி எடுத்தார். கை நிற்கவில்லை. பெருவிரல் கீழே, சுட்டுவிரல் மேலே, அப்படியே ஓடியது. அவள் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் மட்டும் என்ன கல்லா, எனக்கும் வந்தது.

மண்டபத்திலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். புஷ்பமலர் நாலு பக்கம் எழுதுவார். கடைசிப் பக்கத்தில் அன்ரனிற்றாவின் வலது கையை வைத்து, பேனாவால் சுற்றி வரைந்து அனுப்புவார். பேனாட் அண்ணை போன மாதத்துக் கையையும் இந்த மாதத்துக் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "வளர்ந்திட்டா" என்று எனக்குக் காட்டுவார். ஒரு நூலளவு வித்தியாசம்கூட எனக்குத் தெரியாது. "ஓம், நல்லாய் வளர்ந்திட்டா" என்பேன்.

இனி நான் செய்த வேலையைச் சொல்லவேண்டும். எண்பத்தேழு மார்கழி. இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது, சமாதானம் வந்தது என்று இனிப்புக் கொடுத்த கையோடு யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை. என் அப்பா அம்மாவைப் பற்றி இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு பிரௌ கெம்பர் கோப்பி ஊற்றி எடுக்கப் போயிருந்தாள். லௌட்டே மேசையில் கிடந்தது. பேனாட் அண்ணை வழக்கம்போலப் பலகையை மடியில் வைத்து, சத்தமில்லாமல் தன்னுடைய மெட்டைத் தட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு புன்சிரிப்போடு இருந்தார். அந்தப் புன்சிரிப்பு என்னைச் சுட்டது.

"மரப்பலகையில வாசிச்சு ஆருக்கு என்ன வந்தது?" என்றேன். "அங்க சனம் சாகுது. நீங்கள் இங்க தொடமாட்டன், பிடிக்கமாட்டன் எண்டு விளையாடுறியள். தொட்டா என்ன நடக்கும் எண்டு பாப்பம்."

அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களைத் தந்திகளின் குறுக்கே ஒருதரம் இழுத்துவிட்டேன். அவர் எதிர்பார்க்கவில்லை, கை இளக்கமாக இருந்தது. முழு வாத்தியமும் ஒலித்தது. அந்த அறை சின்னது. ஒலி அடங்கக் கன நேரம் எடுத்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அடங்கும்வரை அப்படியே கேட்டுக்கொண்டு இருந்தார்.

நான் உடனேயே வெட்கப்பட்டேன். "அண்ணை, நீங்கள் தொடேல்லை. நான்தான் செய்தனான். அது கணக்கில்லை" என்றேன்.

"நான் தொடேல்லை எண்டு மாதாவுக்குத் தெரியும்" என்றார். "ஆனா எனக்கு இனிச்சுது ரீச்சர். கையை எடுக்க மனம் வரேல்லை. அதுதான் பிழை."

தை மாதத்தில் கடிதம் வரவில்லை. மாசியிலும் வரவில்லை. மண்டபம் முகாமுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று, ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். ஒருநாள் சமையலறைக்கு வந்தபோது என் மரக்கறிப் பலகை சாம்பல் போட்டுத் தேய்த்ததுபோல் வெள்ளையாகக் கழுவி, அலுமாரியில் பழைய இடத்தில் வைத்திருந்தது. அதற்குப் பிறகு அவர் பிரௌ கெம்பரிடம் போகவில்லை. இலை இல்லாத காலத்தில் பனி வழித்தார். வழித்துவிட்டு நேரே ஹைமுக்கு வந்தார்.

அந்தப் பலகையில் என்னால் ஒரு வெங்காயம் வெட்ட முடியவில்லை.

பங்குனியில் ஒரு பின்னேரம் நான் தேவாலயத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் அம்மன் கோயிலுக்கே அம்மா இழுத்துக்கொண்டு போனால்தான் போவேன். வாசலில் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். கல் பனிக்கட்டி மாதிரி. காலுறையோடு மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழந்தாளில் இருப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல், கடைசியில் வகுப்பில் பிள்ளைகள் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தமிழில்தான் சொன்னேன். மடுவில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே ஆள்தானே, தமிழ் விளங்கும் என்று நினைத்தேன். "இழுத்தது என்ர கை. அந்த மனுசனில பிழையில்லை. தண்டிக்கிறதெண்டா என்னைத் தண்டியுங்கோ. அந்தப் பிள்ளையின்ர கை வளரவேணும்." எனக்கு விருப்பமானது எது என்று யோசித்தேன். சீனி போட்ட தேத்தண்ணிதான். கடிதம் வரும்வரைக்கும் சீனி தொடமாட்டேன் என்று வைத்துவிட்டு வந்தேன். அந்த விஞ்ஞான ரீச்சரை அன்றைக்கு யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியாது. கோயில்காரர் ஒருவர் பார்த்தார். வாசலில் கிடந்த என் சப்பாத்தை எடுத்துவந்து காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

பாடுகளின் வாரத்தில் பிரௌ கெம்பர் வாசித்தாள். தேவாலயம் நிறைந்திருந்தது. எனக்கு அந்தச் சங்கீதம் அவ்வளவாக விளங்கவில்லை. நான் அவளுடைய கையைத்தான் பார்த்தேன். சுண்டுவிரல் பலகையில் ஊன்றியிருந்தது. கை நீளவாக்கில் சாய்ந்திருந்தது. பெருவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் போய் வந்தது. அது பேனாட் அண்ணையின் கை. பேசாலையில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்துவந்து மண்டலின் வாசித்த கை, முன்னூறு பேருக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரியின் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவரைத் திரும்பித் தேடினேன். உள்ளே இல்லை. வெளியே வாசலில், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில், கதவுப்பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தால் இனிக்குமே என்று பயந்திருக்கிறார்.

சித்திரை நடுவில் கடிதம் வந்தது. மண்டபத்திலிருந்து இல்லை, பேசாலையிலிருந்து. சமாதானம் என்று சொல்லி, முகாமில் இருந்தவர்களைக் கப்பலில் தலைமன்னாருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை, ஊரில் தபால் ஓடவில்லை. அதுதான் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் கை இருந்தது. இந்தமுறை எனக்கும் தெரிந்தது, உண்மையாகவே வளர்ந்திருந்தது.

அன்று காலை நான் சமையலறையில் கசந்த தேத்தண்ணியோடு இருந்தேன். பேனாட் அண்ணை கடிதத்தை என் முன்னால் விரித்து வைத்தார். பிறகு சீனிப் போத்தலைத் திறந்து, இரண்டு கரண்டி என் கோப்பையில் போட்டுக் கலக்கினார்.

"குடியுங்கோ ரீச்சர்" என்றார். நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வந்தால் தேத்தண்ணி குடிக்க ஏலாது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

அந்த வருடம் அவருடைய அகதி வழக்கை ஏற்றுக்கொண்டார்கள். பிறகும் ஒரு வருடம் கடிதங்கள், முத்திரைகள், கொழும்பில் வரிசைகள். எண்பத்தொன்பது வைகாசியில் புஷ்பமலரும் அன்ரனிற்றாவும் பிராங்பேர்ட்டில் இறங்கினார்கள். பேனாட் அண்ணைக்கு இரண்டு அறையுள்ள வீடொன்று கிடைத்திருந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஒன்றைத் தவிர. அன்ரனிற்றாவுக்கு நாலரை வயது. தகப்பனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். படத்தில் மீசை இருந்தது, ஆளுக்கு இல்லை. அவள் தாயின் சட்டைக்குப் பின்னால் நின்றபடி அவரை மாமா என்று கூப்பிட்டாள். புஷ்பமலர் திருத்தினார். பிறகு மாமா என்றும் கூப்பிடவில்லை. ஒன்றுமே கூப்பிடவில்லை. அவர் கிட்டப்போனால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். ஒன்பது நாள் இப்படிப் போனது.

"அவசரப்படாதேங்கோ அண்ணை" என்றேன்.

"நாலு வருசம் பொறுத்தனான் ரீச்சர். இந்த ஒன்பது நாள்தான் பொறுக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என்னையும் பிரௌ கெம்பரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கேக்கோடு லௌட்டேயையும் கொண்டுவந்தாள். சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறந்து லௌட்டேயை அவரிடம் நீட்டினாள். இந்தமுறை அவர் கையைப் பின்னால் கட்டவில்லை. புஷ்பமலரைப் பார்த்தார். கதிரைக்குப் பின்னால் தெரிந்த சின்னப் பாவாடையையும் பார்த்தார். பிறகு வாங்கினார்.

அவர் தன்னுடைய மெட்டைத் தொடங்கினார். வலது கை நாலு வருடம் பலகையிலும் கட்டில் சட்டத்திலும் தொடையிலும் வாசித்த கை, ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. ஆனால் இடது கையை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அது மறந்துபோயிருந்தது. அதோடு, லௌட்டேயில் ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் உள்ள இடைவெளி மண்டலினில் உள்ளது மாதிரி இல்லை. முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியின் நடுவில் சுரம் எங்கேயோ போனது. புஷ்பமலர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிறுத்திவிட்டார்.

கதிரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, அது அப்பிடி இல்லை."

அன்ரனிற்றா வெளியே வந்தாள். மண்டபத்திலும் பேசாலையிலும் தாய் அவளை அந்த மெட்டை முணுமுணுத்துத்தான் நித்திரையாக்கியிருக்கிறார். நாலரை வருடமாகக் கேட்டது, அவளை ஏமாற்ற முடியாது. வாத்தியத்துக்குக் கிட்ட வந்து நின்று, இரண்டாவது வரியைப் பாடிக் காட்டினாள். பிறகு அவருடைய முழங்காலில் கையை ஊன்றி, "இப்பிடி" என்றாள்.

பேனாட் அண்ணை தேடித் தேடி அந்தச் சுரத்தைக் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்ததை நான் பார்த்தேன், பிரௌ கெம்பரும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதே இடம் வந்தது. மறுபடி பிழை.

"அப்பா, அப்பிடி இல்லை எண்டு சொன்னனான்."

"எங்க பிழை? இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை" என்றார்.

பிரௌ கெம்பர் எந்தத் தந்தி என்று காட்ட எழுந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இருத்தினேன். அவர் அந்த இடத்தை இன்னும் மூன்று தரம் பிழையாக வாசித்தார், மூன்று தரமும் பிள்ளை அவரை அப்பா என்று கூப்பிட்டுத் திருத்தினாள்.